புது பிசி அடிக்கடி கிராஷ் ஆகிறதா? பார்ட்ஸை மாற்றும் முன் இந்த வரிசையில் தேடுங்கள்!

சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்துவைத்து, யூடியூபில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளி, ரிட்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, மீதியை ஆன்லைனில் ஆர்டர் போட்டு, ஒருவழியாக பிசியை நீங்களே அசெம்பிள் செய்துவிட்டீர்கள். பவர் பட்டனை அழுத்தினால் லைட்டெல்லாம் எரிகிறது. விண்டோஸும் ஏறிவிட்டது. ஆனால், கேம் ஆரம்பித்து பத்து நிமிடத்தில் ஸ்க்ரீன் அப்படியே உறைந்து நிற்கிறது. அல்லது பட்டென்று அணைந்து, தானாகவே மறுபடி ஆன் ஆகிறது. மறுநாளும் அதே கதை.

இந்த நேரத்தில் நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் 'ரேம் போச்சு' என்பார், இன்னொருவர் 'எஸ்எம்பிஎஸ் பத்தல' என்பார், மூன்றாமவர் 'விண்டோஸைத் திரும்பப் போடு' என்பார். மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்ப்பதுதான் பலரும் சறுக்கும் இடம். மூன்றையும் மாற்றியபின் பிசி சரியானால், எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகவில்லை என்றால் பணமும் போயிருக்கும், குழப்பமும் கூடியிருக்கும்.

புது பிசியில் கிராஷ் என்றாலே ஏதோ ஒரு பார்ட் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. சரியாக உட்காராத ரேம், பாதி செருகிய கேபிள், பயாஸில் மாறியிருக்கும் ஒரு செட்டிங் என்று காசே செலவில்லாத காரணங்கள் நிறைய உண்டு. அதனால் இரண்டே விதிகளை மனதில் வையுங்கள். ஒன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டு, செலவில்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் சோதனை கடைசியில்.

முதல் வேலை: தேதியைப் பாருங்கள்

ஆன்லைனில் வாங்கியிருந்தால், ஒவ்வொரு பார்ட்டுக்கும் ரிட்டர்ன் அல்லது ரீப்ளேஸ்மென்ட் எத்தனை நாள் என்று ஆர்டர் பக்கத்தில் இப்போதே பாருங்கள். கடையில் வாங்கியிருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். அந்த நாள்களுக்குள் பழுது தெரிந்தால் புதுப் பொருள் கிடைக்க வாய்ப்பு அதிகம். தாண்டிவிட்டால் வாரன்டிதான். சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எனவே 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

பில், அட்டைப்பெட்டி, சீரியல் நம்பர் ஸ்டிக்கர், மதர்போர்டு சாக்கெட்டை மூடியிருந்த சின்ன பிளாஸ்டிக் மூடி, எதையும் தூக்கி எறியாதீர்கள். அந்த மூடி இல்லாமல் போர்டைத் திருப்பி அனுப்பினால், வழியில் சாக்கெட் பின் வளையலாம். பழி உங்கள்மேல் விழும்.

கிராஷ் எப்படி ஆகிறது?

போனில் நோட்ஸைத் திறந்து ஒவ்வொரு கிராஷையும் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு, என்ன ஓடிக்கொண்டிருந்தது, ஸ்க்ரீனில் என்ன வந்தது என்ற மூன்றும் போதும். நாலைந்து முறை குறித்தாலே ஒரு பேட்டர்ன் தெரிய ஆரம்பிக்கும்.

* ப்ளூ ஸ்க்ரீன் வந்து ரீஸ்டார்ட் ஆனால், பிரச்னையை விண்டோஸே கவனித்திருக்கிறது. ரேம், டிரைவர், ப்ராசஸர், எஸ்எஸ்டி எதுவாகவும் இருக்கலாம். விண்டோஸ் 11-ன் புதிய அப்டேட்களில் இந்த ஸ்க்ரீன் கறுப்பாக மாறிவிட்டது. ஆனால், விஷயம் ஒன்றுதான்.
* எந்த மெசேஜும் இல்லாமல், பிளக்கைப் பிடுங்கியதுபோல் அணைந்தால், மின்சாரம் அல்லது சூடு பக்கம் முதலில் பாருங்கள்.
* படம் மட்டும் போய், பாட்டோ நண்பரின் குரலோ ஹெட்செட்டில் தொடர்ந்து கேட்டால், கிராஃபிக்ஸ் கார்டு, அதன் டிரைவர், மானிட்டர் கேபிள் இவற்றைச் சந்தேகப்படலாம்.
* கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் தெரிந்தால், ஒரே ஒரு கேம்தானா என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால் அந்த கேமின் பிழையாக இருக்கலாம். எல்லா கேமும் அப்படி என்றால் ரேம், ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு மூன்றையும் சோதிக்க வேண்டும்.

பிசி ஆன் ஆனதும் படமே வரவில்லை என்றால், ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். டிடிஆர்5 ரேம் போட்ட பிசி முதன்முறை ஆன் ஆகும்போது, போர்டு அந்த ரேமுக்கு ஏற்ப தன்னைச் சரிசெய்துகொள்ளும். இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதுவரை ஸ்க்ரீன் கறுப்பாகத்தான் இருக்கும். பதறிப்போய் நடுவில் ஆஃப் செய்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். அப்போதும் படம் வரவில்லை என்றால், போர்டின் ஓரத்தில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்ற பெயர்களுடன் சின்ன லைட்டுகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் போர்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது.

விண்டோஸ் எழுதும் டைரியைப் படியுங்கள்

ப்ளூ ஸ்க்ரீன் கண் சிமிட்டும் நேரத்தில் மறைந்துவிடுகிறதா? விண்டோஸ் சர்ச்சில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி' பகுதிக்குப் போங்கள். அங்கே 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி ஸ்க்ரீன் நிற்கும், போனில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

அதேபோல 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடுங்கள். எந்த நாளில் எது கிராஷ் ஆனது என்று காலண்டர்போல வரிசையாகக் காட்டும். இன்னும் ஆழமாகப் பார்க்க 'ஈவன்ட் வியூவர்' இருக்கிறது. அதில் பலரையும் குழப்புவது 'கெர்னல் பவர் 41' என்ற வரி. பெயரில் பவர் இருப்பதால் எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள். அந்த வரிக்கு அர்த்தம், 'போனமுறை பிசி ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை' என்பது மட்டும்தான். எதனால் என்று அது சொல்லவில்லை. நீங்களே பவர் பட்டனை அழுத்திப்பிடித்து அணைத்தாலும் அதே வரிதான் வரும்.

ப்ளூ ஸ்க்ரீன் கோடுகள் துப்பு கொடுக்கும், தீர்ப்பு சொல்லாது. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றால் ரேமிலிருந்து ஆரம்பியுங்கள். 'வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்' என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கம் போங்கள். 'க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' ப்ராசஸரையோ அதன் வோல்டேஜ் செட்டிங்கையோ கைகாட்டும். 'வியா அன்கரெக்டபிள் எரர்' வந்தால் ஹார்டுவேரே புகார் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோடு வந்தால்? ரேமைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ரேமில் தப்பு நடந்தால், அந்த நொடியில் அதில் இருந்த புரோகிராம் எதுவோ அது அடிவாங்கும். அதனால்தான் பெயர் மாறிக்கொண்டே வருகிறது.

ஸ்க்ரூ டிரைவருக்கு முன் பயாஸ்

பயாஸுக்குள் போய் 'லோட் ஆப்டிமைஸ்டு டீஃபால்ட்ஸ்' கொடுங்கள். எக்ஸ்எம்பி, எக்ஸ்போ, ஓவர்க்ளாக், அண்டர்வோல்ட், எல்லாம் ஆஃப். இரண்டு நாள் இப்படியே வழக்கம்போலப் பயன்படுத்துங்கள். கிராஷ் நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது. பார்ட்ஸ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன, ஏதோ ஒரு செட்டிங்தான் அவற்றைப் படுத்தியிருக்கிறது.

அடுத்தது பயாஸ் அப்டேட். கடையில் பல மாதம் தூங்கிய போர்டில் பழைய பயாஸ்தான் இருக்கும். 'ஓடுதுல்ல, எதுக்கு அப்டேட்?' என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள். 2023-ல் ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில கருகிப்போயின. சில செட்டிங்குகளில் எஸ்ஓசி வோல்டேஜ் அளவு மீறிப் போனதே பிரச்னை. அதன்பின் வந்த பயாஸ் அப்டேட்கள் அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்டன. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் காரணமில்லாமல் கேம்கள் கிராஷ் ஆயின. கிராஃபிக்ஸ் கார்டில் இடம் இருக்கும்போதே 'வீடியோ மெமரி போதவில்லை' என்று எரர் வந்ததால், பலர் கார்டைச் சந்தேகப்பட்டார்கள். ப்ராசஸருக்கு அதிக வோல்டேஜ் போவதுதான் காரணம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டது. பெட்டியில் வந்த ப்ராசஸர்களுக்கு வாரன்டியை மேலும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஆனால், இந்த அப்டேட் இனிமேல் வரும் சேதத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன ப்ராசஸரைச் சரிசெய்யாது. உங்களுடையது அந்தத் தலைமுறை என்றால், அதிலும் செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால், இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பயாஸ் அப்டேட் செய்யும்போது கரன்ட் போகக் கூடாது. யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டிச் செய்யுங்கள். இன்னொரு விஷயம், விண்டோஸ் 11 உங்கள் டிரைவை என்கிரிப்ட் செய்துவைத்திருக்கலாம். பயாஸ் மாறியதும் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். அதை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் பார்த்து முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கிராஷை விடப் பெரிய தலைவலி.

ரேம்: பெட்டியில் இருக்கும் ஸ்பீடு, வாக்குறுதி அல்ல

'6000 மெகாஹெர்ட்ஸ் ரேம்' என்று வாங்கி மாட்டுகிறோம். ஆனால், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யாதவரை அது 4800 போன்ற அடிப்படை ஸ்பீடில்தான் ஓடும். ஆன் செய்தால் நடப்பது ஒருவகை ஓவர்க்ளாக். ரேம் தாங்கினாலும், ப்ராசஸரும் போர்டும் தாங்க வேண்டும். நான்கு ரேம் மாட்டினால் இன்னும் கஷ்டம். ரைசன் 7000 ப்ராசஸர்களுக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ ஸ்பீடு, இரண்டு ரேம் என்றால் 5200, நான்கு ரேம் என்றால் 3600. 'இன்னும் ரெண்டு போட்டா 64 ஜிபி' என்று தனியாக ஒரு செட் வாங்கிச் சேர்த்தவர்கள் இதைக் கவனியுங்கள்.

சோதனைக்கு மெம்டெஸ்ட்86 என்ற இலவச டூலை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். இரவு படுக்கப்போகும் முன் ஓடவிட்டால் காலையில் ரிசல்ட் பார்க்கலாம். 'ஒரே ஒரு எரர்தானே' என்று விடாதீர்கள். ரேம் சோதனையில் ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான்.

எரர் வந்தால், எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து மறுபடி ஓட்டுங்கள். இப்போது எரர் இல்லை என்றால் ஸ்பீடுதான் பிரச்னை. 6000-ஐ 5600 ஆகக் குறைத்துப் பாருங்கள். ஆஃப் செய்தும் எரர் வந்தால், பிசியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு ரேமை மட்டும் வைத்துச் சோதியுங்கள். ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்கள்தான் பொதுவாக முதலில் பயன்படுத்த வேண்டியவை. மேனுவலில் ஏ2, பி2 என்று இருக்கும்.

ஒரே ரேம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் எரர் தந்தால், பழுது ரேமில். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் எரர் வந்தால், பழுது போர்டு பக்கம். சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலோ, கூலரை ஒரு பக்கமாக இறுக்கியிருந்தாலோகூட ஒரு ஸ்லாட் மட்டும் தகராறு செய்யும். இந்த முடிவை எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போனால், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சூடு: எது நார்மல், எது ஆபத்து?

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச டூலைப் போட்டு ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு வெப்பநிலையைப் பாருங்கள். ரைசன் 7000 எக்ஸ் மாடல்களில் முழு லோடில் 95 டிகிரி செல்சியஸ் வரை போவது அந்த ப்ராசஸரின் வடிவமைப்பிலேயே உண்டு. இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 100 டிகிரி. அந்த எல்லையைத் தொட்டால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே கிராஷ் ஆகாது. சூட்டால் பிசி பட்டென்று அணைகிறது என்றால், கூலர் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத ரூமில், சும்மா இருக்கும் பிசி 50 டிகிரி காட்டினால் பயப்பட வேண்டாம். ஒன்றுமே ஓடாதபோது 70, 80 என்று ஏறிக்கொண்டே போனால் உடனே அணைத்துவிட்டுக் கூலரைக் கழற்றிப் பாருங்கள். கூலரின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் ஃபிலிமை உரிக்காமலேயே மாட்டியிருக்கலாம். நடக்காத விஷயமல்ல! லிக்விட் கூலர் என்றால் பம்ப்பின் வயர் போர்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு ஸ்க்ரூவும் சமமாக இறுகியிருக்க வேண்டும்.

கூலரைக் கழற்றியபின் பழைய பேஸ்ட்டை முழுக்கத் துடைத்துவிட்டு, புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். ஏஎம்4 சாக்கெட் ரைசன் வைத்திருப்பவர்கள் கூலரை நேராக இழுக்காதீர்கள். ப்ராசஸரும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்து, பின்கள் வளைந்துவிடும். கொஞ்ச நேரம் பிசியை ஓடவிட்டு பேஸ்ட் இளகியபின், அணைத்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், வீட்டு கரன்ட்

கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் பிசி பட்டென்று அணைந்தால் முதலில் கேபிள்களைப் பாருங்கள். மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் கேபிளின் இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பக்கம் பாதி செருகியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு இரண்டு 8 பின் கனெக்டர் தேவை என்றால், ஒரே கேபிளின் இரண்டு வால்களை மாட்டாமல் தனித்தனிக் கேபிளாக மாட்டுங்கள். புதுவகை 16 பின் கனெக்டர் என்றால் இடைவெளி இல்லாமல் முழுதாக உள்ளே போக வேண்டும், கனெக்டரை ஒட்டியே கேபிளை வளைக்கவும் கூடாது. 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் இந்தக் கனெக்டர் உருகியபோது, கேபிளை முழுதாகச் செருகாததை முக்கியக் காரணமாகச் சொன்னது என்விடியா.

வாட்ஸ் கணக்கு சரியாக இருந்தும் அணையலாம். இப்போதைய கிராஃபிக்ஸ் கார்டுகள் கண நேரத்துக்குத் தங்கள் சராசரியைவிட மிக அதிகமாகக் கரன்ட்டை இழுக்கும். தரம் குறைந்த எஸ்எம்பிஎஸ் இதைத் தாங்காமல் தற்காப்புக்காக அணைந்துவிடும். ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே, திறனைப்போல் இரண்டு மடங்கு எகிறலையும் 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்க வேண்டும் என்கிறது. '80 ப்ளஸ் கோல்டு' ஸ்டிக்கர் என்பது மின்சாரத்தை வீணாக்காததற்கான சான்றிதழ். அதை மட்டும் வைத்துத் தரத்தை முடிவுசெய்ய முடியாது.

நம் வீடுகளில் எளிதாகத் தப்பிக்கும் குற்றவாளி, யுபிஎஸ். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறக்குறைய 360 வாட்ஸ்தான் தரும். கேமிங் பிசியும் மானிட்டரும் சேர்ந்தால் இதை எளிதாகத் தாண்டிவிடும். அதுவுமில்லாமல், விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும்போது தரும் கரன்ட்டின் வடிவம் சில நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கே ஒத்துவராது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள், அதில் 'யுபிஎஸ் மோடு' சுவிட்ச் இருந்தால் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கரன்ட் மாறும் இடைவெளியிலேயே பிசி அணைந்துவிடும்.

சோதனை எளிது. யுபிஎஸ்ஸையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் விட்டுவிட்டு, சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் நேராக மாட்டி இரண்டு நாள் ஓட்டுங்கள். கிராஷ் நின்றால் பிசியில் குறையில்லை. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? எர்த் சரியில்லாமல் இருக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். எஸ்எம்பிஎஸ்ஸை ஒருபோதும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரன்ட் தேங்கியிருக்கும். ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளை இன்னொன்றில் மாட்டாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வயர் வரிசை மாறலாம். எஸ்எஸ்டியும் கார்டும் புகைந்துவிடும்.

கிராஃபிக்ஸ் கார்டும் விண்டோஸும்

மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில்தானே இருக்கிறது? போர்டில் மாட்டியிருந்தால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். பிறகு, டிடியூ என்ற இலவச டூலை சேஃப் மோடில் ஓட்டிப் பழைய டிரைவரை முழுக்கத் துடைத்துவிட்டு, கார்டு கம்பெனியின் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள். கார்டை நிற்கவைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால், அதைக் கழற்றிவிட்டு நேராக போர்டில் மாட்டிப் பாருங்கள்.

ப்ராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'எஃப்' இல்லாத மாடல்களில் பொதுவாக அது இருக்கும். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, அதிலேயே இரண்டு நாள் ஓட்டுங்கள். கார்டு இல்லாமலும் கிராஷ் ஆனால், கார்டு நிரபராதி. கிராஷ் நின்றால் மட்டும் உடனே கார்டுதான் என்று முடிவுகட்ட முடியாது. கார்டு போனதும் எஸ்எம்பிஎஸ்ஸின் சுமையும் குறைந்திருக்குமே! கார்டை நண்பரின் பிசியில் மாட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

பழைய கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டியை அப்படியே கழற்றி மாட்டியவர்கள், ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ டூலில் எஸ்எஸ்டியின் ஹெல்த் 'குட்' என்று வருகிறதா என்றும் பாருங்கள். ஆர்ஜிபி லைட்டுக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று என்று போட்ட சாஃப்ட்வேர்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். அவை தமக்குள் மோதிக்கொள்வதும் உண்டு.

கேபினெட்டை விட்டு வெளியே

இத்தனைக்கும் மசியவில்லை என்றால், எல்லாவற்றையும் கழற்றி, மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டிமேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். ப்ராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், விண்டோஸ் உள்ள எஸ்எஸ்டி போதும். ப்ராசஸரில் கிராஃபிக்ஸ் இல்லை என்றால் கார்டும் வேண்டும். வெளியே நன்றாக ஓடி, உள்ளே கிராஷ் ஆனால், பிரச்னை கேபினெட்டில். போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்க்ரூ தாங்கி நின்று ஷார்ட் ஆகலாம். ரீசெட் பட்டன் சிக்கிக்கொண்டுகூட பிசியை ரீஸ்டார்ட் செய்யலாம்.

வெளியேயும் கிராஷ் ஆனால், மிச்சம் இருப்பது நாலைந்து பார்ட்தான். நண்பர் பிசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடன் வாங்கி மாற்றிப் பாருங்கள். ரேம், அடுத்து எஸ்எம்பிஎஸ் அதன் கேபிள்களோடு, பிறகு கார்டு, கடைசியில் போர்டும் ப்ராசஸரும்.

கடைக்குப் போகும்போது

'சார், கிராஷ் ஆகுது' என்று மட்டும் சொன்னால், 'விண்டோஸ் போட்டுப் பாருங்க தம்பி' என்று அனுப்பிவிடுவார்கள். மெம்டெஸ்ட் ஸ்க்ரீன் போட்டோ, ப்ளூ ஸ்க்ரீன் போட்டோ, கிராஷ் ஆகும் வீடியோ, நீங்கள் செய்த சோதனைகளின் லிஸ்ட் எல்லாம் போனில் இருக்கட்டும். பொருளைக் கொடுக்கும்போது சீரியல் நம்பருடன் ரசீது வாங்குங்கள். நியாயமான காரணம் இருந்தும் மாற்றித்தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம்.

எப்போது சரியானது என்று நம்புவது?

ஒரு மணி நேரம் கேம் ஓடியதும் ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள். உங்கள் நோட்ஸைப் பாருங்கள். முன்பு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிராஷ் ஆனது என்றால், ஒரு மாலை முழுக்க ஓடினால் நம்பலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றால், குறைந்தது ஒரு வாரமாவது பொறுத்திருங்கள். ப்ராசஸருக்கு சினிபெஞ்ச் அரை மணி நேரம், ரேமுக்கு மெம்டெஸ்ட்86 ஓர் இரவு, கிராஃபிக்ஸ் கார்டுக்கு நீங்கள் ஆடும் கேம்களிலேயே கனமான ஒன்று. மூன்றையும் தாண்டியபின் எக்ஸ்எம்பியை மறுபடி ஆன் செய்து, இன்னொரு முறை ஓட்டுங்கள்.

இவையெல்லாம் ரிட்டர்ன் தேதிக்குள் முடிய வேண்டும். அந்தத் தேதிக்கு போன் காலண்டரில் இன்றே ஓர் அலாரம் வைத்துவிட்டு, பயாஸிலிருந்து ஆரம்பியுங்கள்.